அத்தியாயம் 6: பண்டிகையைப் பிள்ளையின் கையில் கொடுங்கள்

ஒரு தைப்பொங்கல் காலை. வன்னியின் வட்டக்கச்சியில் எங்கள் முற்றத்தில் மூன்று கல் வைத்து, பானைக் கழுத்தில் மஞ்சள் இலையும் இஞ்சி இலையும் கட்டிக்கொண்டிருந்தேன். ஏழு வயது மகள் பக்கத்தில் வந்து நின்று, "ஏன் அம்மா பானைக்கு இலை கட்டுறீங்கள்?" என்றாள். எனக்கு விடை தெரியாது. "தள்ளி நில், நெருப்பு" என்றேன். தள்ளி நின்றாள். பிறகு வீட்டுக்குள் போய் ரிவிக்கு முன்னால் இருந்துவிட்டாள். பொங்கிப் படைத்து முடியும்வரை வெளியே வரவில்லை.

எனக்குத் தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. இதையெல்லாம் பழகவேண்டிய வயதில் நாங்கள் சண்டையால் இடம்பெயர்ந்துகொண்டிருந்தோம். 2009இல் மெனிக் பாம் முகாமில், தறப்பாளுக்குக் கீழே, பண்டிகை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. வன்னியில் இன்று பிள்ளை வளர்க்கும் பலருக்கும் இதே நிலைதான். சடங்கு செய்யத் தெரியும். ஏன் என்று சொல்லத் தெரியாது.

அப்படிப்பட்ட பெற்றோருக்கும், வெளிநாட்டில் இருந்துகொண்டு "எங்கட பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது" என்று கவலைப்படும் உறவினருக்கும் இந்த அத்தியாயம். பண்டிதராக வேண்டியதில்லை. ஒரு கொப்பி, ஒரு பஞ்சாங்கக் கலண்டர், ஒரு வயதானவர் போதும்.

ஒரே ஒரு விதி: கேள்வி, வேலை, சாப்பாடு

பிள்ளை ஒரு பண்டிகையை மூன்று வழியால்தான் பிடித்துக்கொள்கிறது: தான் கேட்ட கேள்வி, தன் கை செய்த வேலை, நாக்கில் நின்ற ருசி. இந்த மூன்றும் கூடினால் பிரசங்கம் தேவைப்படாது.

இதை நூற்றாண்டுகளாகச் செய்து காட்டியவர்கள் யூதர்கள். நாடு நாடாகச் சிதறியபோதும் அவர்கள் தங்கள் ஆண்டுச் சுற்றை வீட்டு மேசையில் வைத்துக் காப்பாற்றினார்கள். எகிப்திய அடிமைத்தனத்திலிருந்து வெளியேறியதை நினைக்கும் பாஸ்கா இரவில், வீட்டில் ஆகச் சின்னப் பிள்ளைதான் கதையைத் தொடக்கிவைக்கும். "மற்ற இரவுகளைவிட இந்த இரவு ஏன் வேறாக இருக்கிறது?" என்ற கருத்தில் கேள்விகள் கேட்கும். பெரியவர்கள் அதற்கு விடையாகவே கதையைச் சொல்வார்கள். மேசையில் கசப்புக் கீரை, உப்புநீர், புளிக்காத அப்பம் இருக்கும். அடிமை வாழ்வின் கசப்பையும் கண்ணீரையும் பிள்ளை நாக்கால் அறிந்துகொள்ளும். அப்பத்தில் ஒரு துண்டை ஒளித்துவைப்பதும், அதைப் பிள்ளைகள் தேடுவதும் உண்டு. தூங்காமல் விழித்திருக்க அது ஒரு தந்திரம். அந்த விருந்துக்குப் பெயர் 'செடர்'. பொருள், ஒழுங்கு.

நாமும் ஓர் ஒழுங்கை வைத்துக்கொள்வோம்.

தொடங்குமுன் செய்யவேண்டியவை

1. ஆறு நாள்களைத் தெரிவு செய்யுங்கள். எல்லா விரதமும் எல்லாத் திருவிழாவும் முதல் வருடமே வேண்டாம். தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, வைகாசிப் பொங்கல், ஆடிப்பிறப்பு, நவராத்திரி, கார்த்திகை விளக்கீடு ஆகிய ஆறும் போதும். கிறிஸ்தவ வீடானால் பாலன் குடில், உயிர்த்த ஞாயிறு, ஓகஸ்ட் 15 மடுத்திருவிழா என்று உங்கள் ஆறை எழுதுங்கள். முறை ஒன்றுதான்.

2. எந்தப் பஞ்சாங்கம் என்று முடிவுசெய்யுங்கள். வாக்கியமும் திருக்கணிதமும் நேரத்தில் வேறுபடும்; சில வருடங்களில் நாளிலும் வேறுபடும். உங்கள் கோயில் எதைப் பின்பற்றுகிறதோ அதையே வீட்டிலும் வையுங்கள். பண்டிகையன்று காலை தொலைபேசியில் தர்க்கப்படுவது பிள்ளைக்குக் குழப்பம்.

3. வயதானவரிடம் கேளுங்கள். வட்டக்கச்சி இரணைமடுக் குளத்து நீரை நம்பிக் குடியேறிய ஊர். ஒரு வீட்டின் வேர் தீவகத்தில், அடுத்த வீட்டின் வேர் வடமராட்சியில், இன்னொரு வீட்டின் வேர் மலையகத்தில் இருக்கும். ஆதலால் புத்தகத்தில் உள்ளதைவிட, உங்கள் அம்மம்மாவோ அப்பம்மாவோ சொல்வதுதான் உங்கள் வீட்டு வழக்கம். மூன்று கேள்வி போதும்: "உங்கட சின்ன வயதில் அன்றைக்கு விடிய என்ன செய்வியள்?", "என்ன சமைப்பியள்?", "ஏன் என்று ஆர் சொல்லித் தந்தவை?"

4. ஒரு பண்டிகைக் கொப்பி வாங்குங்கள். தடித்த மட்டை போட்ட 120 பக்கக் கொப்பி நல்லது. கொச்சியில் வாழ்ந்த யூதப் பெண்கள் தங்கள் மலையாளப் பாட்டுகளைக் கையெழுத்துக் கொப்பிகளில் எழுதிவைத்துத்தான் தாயிடமிருந்து மகளுக்குக் கடத்தினார்கள். 1948க்குப் பிறகு பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குப் போனபோது அந்தக் கொப்பிகளும் கூடப் போயின. பெட்டி தூக்கி ஓடியவர்களுக்குக் கொப்பியின் அருமை தெரியும்.

> குறிப்பு: வயதானவர் சொல்லும்போது கைத்தொலைபேசியில் குரலைப் பதியுங்கள். எழுதுவது பிறகு. எழுதிக்கொண்டே கேட்டால் அவர்கள் சுருக்கிவிடுவார்கள்.

எல்லாப் பண்டிகைக்கும் பொருந்தும் ஏழு படிகள்

1. ஒரு கிழமைக்கு முன்: கலண்டரில் பிள்ளையே வட்டம் போடட்டும்.
2. மூன்று நாள் முன்: ஒரு கேள்வியை நீங்கள் போட்டுவிடுங்கள். "சித்திரைக்கு ஏன் தலையில மருத்துநீர் வைக்கிறது?" விடை சொல்லவேண்டாம்.
3. முதல்நாள்: ஒரு சாமான் தேடும் வேலை கொடுங்கள். மாவிலை, அறுகம்புல், சிரட்டை, எது என்றாலும்.
4. அன்று காலை: ஒரே ஒரு பொறுப்பு. அதைப் பிள்ளைதான் செய்யவேண்டும். அது வரும்வரை மற்றவர்கள் காத்திருக்கவேண்டும்.
5. சாப்பிடும்போது: பிள்ளை தன் கேள்வியைக் கேட்கட்டும். விடை மூன்று வசனத்துக்கு மேல் போகக்கூடாது.
6. பின்னேரம்: அயலுக்கு ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுக்கட்டும். வேறு சமயத்தவர் வீடாக இருந்தால் இன்னும் நல்லது. அங்கே போய், "இது எங்கட பொங்கல்" என்று விளக்கிச் சொல்லும்போதுதான் பிள்ளைக்குத் தான் படித்தது தெரியவரும்.
7. படுக்கமுன்: கொப்பியில் ஒரு பக்கம். படம், ஒரு கேள்வி, ஒரு விடை.

நான்காம் படிதான் உயிர். மற்றவை தவறினாலும் அதை விடாதீர்கள்.

ஆண்டுச் சுற்று: செய்து பார்ப்போம்

தைப்பொங்கல் (ஜனவரி 14 அல்லது 15)

வன்னியில் இது வயலோடு ஒட்டிய நாள். பிள்ளையை முதல்நாள் பின்னேரம் வயல் வரம்புக்குக் கூட்டிப்போங்கள். காலபோக நெற்கதிர் ஒன்றைக் கையில் கொடுத்து உமியை உரிக்கவிடுங்கள். அரிசி எங்கிருந்து வருகிறது என்ற பாடம் அதோடு முடிந்தது.

நாலைந்து பேருக்கு: பச்சரிசி அரைக் கிலோ, வறுத்துக் கோது நீக்கிய பயறு 100 கிராம், சர்க்கரை 400 கிராம், ஒரு தேங்காயின் பால், கொஞ்சம் கஜு, முந்திரிகை வற்றல், ஏலக்காய்.

1. விடியமுன் முற்றம் கூட்டி, தண்ணீர் தெளித்து, கோலம் போடுங்கள். வெளிக்கோட்டை நீங்கள் போட, உள்ளே மா தூவுவது பிள்ளை. கோணலாக வந்தால் திருத்தவேண்டாம்.
2. நிறைகுடம் வையுங்கள். மாவிலை எண்ணி வைப்பது பிள்ளை.
3. பானைக் கழுத்தில் மஞ்சள், இஞ்சி இலைகளை, அடுப்பு மூட்டமுன், பிள்ளை கட்டட்டும்.
4. அடுப்பு மூட்டுவது பெரியவர். பால் பொங்கி வழியும்வரை பிள்ளை மூன்று முழம் தள்ளி, காவல். "பொங்குது!" என்று கத்துவது அதன் பொறுப்பு. எந்தப் பக்கம் வழிந்தது என்றும் சொல்லவேண்டும்.
5. கழுவிய அரிசியைக் குடும்பத்தில் ஒவ்வொருவரும் கைப்பிடியாக எடுத்துச் சுற்றிப் போடும்போது, சின்னப் பிள்ளையைத் தூக்கிப் பிடிக்கவேண்டாம். அதன் பிடி அரிசியை ஒரு பேணியில் வாங்கி, அதன் பெயர் சொல்லி நீங்கள் போடுங்கள்.
6. அரிசியும் பயறும் வெந்தபின் சர்க்கரை, தேங்காய்ப்பால், மற்றவை. மூன்று வாழையிலையில் படைத்து, சூரியனைப் பார்த்துக் கும்பிட்டு, பிறகு சாப்பாடு.

அந்த இலைக் கேள்விக்கு விடையை என் அம்மம்மாதான் சொன்னார்: "விளைஞ்சதைச் சூரியனுக்குக் காட்டவேணுமெல்லோ பிள்ளை. நெல்லு மட்டுமே விளைஞ்சது? மஞ்சளும் இஞ்சியும் கிண்டி எடுக்கிற காலமும் இதுதானே." அடுத்த பொங்கலுக்கு மகள்தான் இலை கட்டினாள். முடிச்சு இரண்டு தரம் அவிழ்ந்தது. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். சூரியன் பனை உயரத்துக்கு வந்துவிட்டது. பரவாயில்லை.

மறுநாள் பட்டிப்பொங்கல். மாடு இல்லாத வீட்டுப் பிள்ளையை மாடுள்ள வீட்டுக்கு அனுப்புங்கள். கழுவவும் பொட்டு வைக்கவும் பெரியவரோடு நிற்கட்டும்.

சித்திரை வருடப்பிறப்பு (ஏப்ரல் 13 அல்லது 14)

தலையில் வைத்து முழுகும் மருத்துநீரைக் கோயிலில் வாங்கலாம். துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு என்று அதில் உள்ளவற்றை வீட்டில் தட்டில் பரப்பி, கண்ணைக் கட்டி மணந்து பார்க்கும் விளையாட்டு வையுங்கள். ஆறில் மூன்றைச் சரியாகச் சொன்னால் முதல் கைவிசேஷம் (வருடப்பிறப்புக்குப் பெரியவர் கொடுக்கும் காசு) அந்தப் பிள்ளைக்கு.

கைவிசேஷம் கொடுக்கும்போது காசு எவ்வளவு என்பது பேச்சாகிவிடக்கூடாது. சில்லறை நாணயமே போதும். வெற்றிலையோடு, இரண்டு கையாலும் கொடுத்து, பிள்ளை இரண்டு கையாலும் வாங்கவேண்டும். வாங்கிய காசில் ஒன்றைப் பிள்ளை தன் தம்பிக்கோ தங்கைக்கோ கைவிசேஷமாகக் கொடுக்கட்டும். கொடுக்கத் தெரிந்துகொள்வதும் பாடத்தில் பாதி. பின்னேரம் போர்த்தேங்காய் (தேங்காயால் தேங்காயை அடித்து உடைக்கும் போட்டி) அடிக்கும் இடம் இருந்தால் தவறவிடாதீர்கள். வலிய தேங்காயைத் தட்டிப் பார்த்துத் தெரிவுசெய்யும் கலையைப் பெரியப்பாமார் சொல்லித்தருவார்கள்.

வைகாசிப் பொங்கல்

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போவதுதான் பாடம். அங்கே கடல்நீரில் விளக்கெரிப்பார்கள். போகமுன் வீட்டில் கண்ணகியின் கதையைப் பாதிவரை சொல்லி நிறுத்துங்கள், மீதி பஸ்ஸில். பங்குனி உத்தரத்துக்குப் புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிலுக்குப் போகிறவர்களும் இதே முறையைப் பின்பற்றலாம். சனத்துக்குள் போவதால் பிள்ளையின் சட்டைப் பையில் உங்கள் தொலைபேசி இலக்கம் எழுதிய துண்டு கட்டாயம்.

ஆடிப்பிறப்பு (ஜூலை நடுப்பகுதி)

வேலை குறைந்து மகிழ்ச்சி கூடிய நாள். தொடங்குகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் இந்த நாளுக்குப் பாடிய பாட்டு ஈழத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பாடமாக்கியது. வீட்டில் தெரிந்தவர் பாட, பிள்ளை கூடப் பாடட்டும்.

ஆடிக்கூழ்:

1. பனங்கட்டியைச் சுடுநீரில் கரைத்து வடியுங்கள். மண் இருக்கும். முதல் தரம் செய்பவர் மறப்பது இதைத்தான்.
2. வறுத்த பயறைக் கடைசித் தேங்காய்ப்பாலில் அவியவிடுங்கள்.
3. வறுத்த அரிசிமாவில் பாதியைக் குழைத்துச் சின்னச் சின்ன உருண்டைகளாகவும் தட்டைகளாகவும் பிடிப்பது பிள்ளையின் வேலை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வடிவம் கொடுங்கள். யாருடைய உருண்டை யாருடைய கிண்ணத்தில் வந்தது என்பது பெரிய பகிடி.
4. உருண்டைகளை அவியும் கூழில் நீங்கள் போடுங்கள். மீதி மாவை ஆறிய பாலில் கரைத்து ஊற்றித் துழாவுங்கள். சூடான பாலில் கரைத்தால் கட்டிபடும்.
5. பனங்கட்டிக் கரைசல், முதற்பால், தேங்காய்ச் சொட்டு, மிளகு, ஏலக்காய், ஒரு துளி உப்பு. இறக்குங்கள்.

பலாவிலையைக் கோலி ஈர்க்கால் குத்திக் குடிக்கக் கொடுங்கள். கரண்டியால் குடித்த கூழை எந்தப் பிள்ளையும் நினைவு வைத்திருப்பதில்லை.

நவராத்திரி (செப்டெம்பர் – ஒக்டோபர்)

பள்ளிக்கூடங்களில் வாணிவிழா நடப்பதால் பிள்ளைக்குப் பாதி தெரிந்திருக்கும். வீட்டில் கும்பம் வைத்து, சுற்றிவர மண்ணில் நவதானியம் விதைத்து, ஒன்பது நாளும் முளையின் உயரத்தை அளந்து கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். விஜயதசமியன்று சின்னவருக்கு ஏடு தொடக்கும்போது, மூத்த பிள்ளை அரிசித் தட்டைப் பிடிக்கட்டும்.

கார்த்திகை விளக்கீடு (நவம்பர் – டிசெம்பர்)

வன்னியில் இது மாரியோடு போட்டிபோடும் பண்டிகை. முதல்நாளே தடிகளுக்குச் சீலை சுற்றிப் பந்தம் செய்து, நனையாத இடத்தில் வையுங்கள். படலை, கிணற்றடி, மாட்டுக்கொட்டில், நெல் வைத்திருக்கும் இடத்து வாசல் என்று எங்கெல்லாம் விளக்கு வேண்டும் என்பதைப் பிள்ளை ஒரு படமாக வரைந்து, எண் போடட்டும். முற்றத்தில் வாழைக்குற்றி நட்டு, மேலே சிரட்டையில் எண்ணெய் ஊற்றி விளக்கேற்றுங்கள். மழை பெய்தால் திண்ணையில் சிட்டி விளக்கு போதும். கடைசியில் எந்த விளக்கு அணைந்தது என்று பார்த்து வருவது பிள்ளையின் பொறுப்பு.

வயதுக்கு ஏற்ற வேலை

- 3–5 வயது: மாவிலை எண்ணுதல், பூப் பறித்தல், மணத்தைக் கண்டுபிடித்தல், தட்டில் திருநீறு நீட்டுதல்.
- 6–9 வயது: கோலம், மா உருண்டை, கும்பத்துக்குச் சாமான் எடுத்துவைத்தல், அயலுக்குத் தட்டு கொண்டுபோதல்.
- 10–13 வயது: சாமான் பட்டியல் எழுதிக் கடைக்குப் போதல், வயதானவரிடம் கேட்டுப் பதிதல், தம்பி தங்கைக்குக் கதை சொல்லுதல்.
- 14 வயது முதல்: ஒரு பண்டிகையை முழுதாகப் பொறுப்பெடுத்தல். நீங்கள் அன்று உதவியாள்.

வழக்கமாக விடும் பிழைகள்

1. "சும்மா நில், வழக்கம்" என்பது. தெரியாவிட்டால், "எனக்குத் தெரியாது, அம்மம்மாவைக் கேட்போம்" என்று சொல்லுங்கள். அன்று நான் அப்படிச் சொல்லாமல் "தள்ளி நில்" என்றதுதான் என் பிழை.
2. எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லிக்கொடுப்பது. ஒரு பண்டிகைக்கு ஒரு கேள்வி. மிச்சம் வரும் வருடங்களுக்கு.
3. படம் பிடிப்பதற்காகச் செய்வது. வெளிநாட்டுக்கு அனுப்பும் படத்துக்காகப் பிள்ளையைப் பானைக்குப் பக்கத்தில் நிறுத்தி, பிறகு துரத்திவிடுவது. வேலை முடிந்த பிறகு ஒரு படம் போதும்.
4. பெண்பிள்ளைக்கு அடுப்படி, ஆண்பிள்ளைக்குச் சீனவெடி. உருண்டை பிடிப்பதும் கோலம் போடுவதும் இருவருக்கும்.
5. பயமுறுத்துவது. "செய்யாட்டி சாமி கண்ணைக் குத்தும்" என்று பழகிய பிள்ளை, பயம் போனதும் பண்டிகையையும் விட்டுவிடும்.
6. செலவில் போட்டி. அறுவடை பொய்த்த வருடத்தில் ஒரு பிடி அரிசியோடு பொங்கினாலும் அது பொங்கல்தான். அதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

கடினமான கேள்வி வரும்போது

இறந்த பெற்றோரை நினைத்து ஆடி அமாவாசைக்கோ சித்திராப் பௌர்ணமிக்கோ விரதம் பிடிக்கும் வீட்டில், "தாத்தா எப்படிச் செத்தவர்?" என்ற கேள்வி எழும். வன்னியில் அதற்கு எளிதான விடை இல்லாத வீடுகள் அதிகம். பேச்சை மாற்றவேண்டாம், முழுக் கதையையும் அன்றே கொட்டவும் வேண்டாம். "சண்டைக்குள்ள செத்தவர். அவருக்குப் பயத்தங்காய்க் கறி விருப்பம். அதுதான் இண்டைக்குச் சமைச்சனாங்கள்." உண்மை ஒரு வசனம், நினைவு ஒரு வசனம், வேலை ஒரு வசனம். பிள்ளை பெரிதாகும்போது வசனங்கள் கூடட்டும்.

பாதுகாப்பு

- அடுப்பு: பொங்கும் பானையைச் சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போடுங்கள். பெரியவர் தவிர யாரும் அதற்குள் வரக்கூடாது. பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர்.
- உடுப்பு: நெருப்புக்குப் பக்கத்தில் நைலோன் பாவாடையும் தொங்கும் சால்வையும் வேண்டாம். பருத்தி உடுப்பு, கட்டிய தலைமயிர்.
- சுடுநீர், கூழ் ஊற்றுண்டால்: உடனே ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, எண்ணெய், முட்டை எதுவும் பூசவேண்டாம். பெரிய காயமானால் 1990 அம்புலன்ஸ்.
- சீனவெடி: கையில் பிடித்துக் கொளுத்தக்கூடாது. வெடிக்காததைத் திரும்பப் போய்த் தொடக்கூடாது. சத்தத்துக்குப் பயப்படும் வயதானவர் வீட்டில் இருந்தால் வெடியே வேண்டாம்.
- பந்தம், விளக்கு: கிடுகு வேலி, வைக்கோல்போர், தறப்பாள் ஆகியவற்றிலிருந்து தள்ளி. படுக்கமுன் எண்ணி அணையுங்கள்.
- மருத்துநீர்: கண்ணில் படாமல் உச்சந்தலையில் மட்டும். கைக்குழந்தைக்கு ஒரு துளி தொட்டுவைத்தால் போதும்.
- இலை, விறகு, மண் எடுக்கப் போதல்: தனியே அனுப்பாதீர்கள். பழக்கமில்லாத பற்றைக்குள்ளும் கைவிட்ட காணிக்குள்ளும் போகக்கூடாது. இனந்தெரியாத இரும்புச் சாமானைக் கண்டால் தொடாமல், வந்த அடியிலேயே திரும்பி வந்து பெரியவருக்குச் சொல்லவேண்டும். நீங்கள் 119க்குச் சொல்லுங்கள். புற்றடிக்கும் கிணற்றடிக்கும் பெரியவர் கூடப் போகவேண்டும்.

இந்தக் கிழமையே செய்யக்கூடியவை

1. கலண்டரைத் திறந்து அடுத்து வரும் பண்டிகையைப் பிள்ளையோடு சேர்ந்து தேடுங்கள்.
2. வீட்டில் ஆக வயதானவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. மேலே உள்ள மூன்று கேள்வி.
3. கொப்பியின் முதல் பக்கத்தில் பிள்ளையின் கேள்வியைப் பிள்ளையின் கையெழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத்துப்பிழை இருந்தாலும் திருத்தாதீர்கள்.
4. கேள்விக்குக் கீழே நாலு வரி வெறுமையாக விடுங்கள். விடை அடுத்த வருடம் வந்தாலும் எழுத இடம் வேண்டும்.